மூக்கின் வழியே மூளையைக் கண்டவர்

பீடத்தருகே தூபக் கலசம் அசைகிறது. சற்று நேரத்திற்கெல்லாம் கோவிலின் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் சின்னஞ்சிறு மாணவிக்கும் சாம்பிராணி மணம் எட்டிவிடுகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனாலும் தூபம் காட்டியாயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. புகை காற்றில் மிதந்து அவள் மூக்குவரை வந்தது சரி. மூக்கிலிருந்து மூளைக்கு அந்தச் செய்தி எந்த வழியாகப் போயிற்று? யார் கொண்டு போனார்கள்? எங்கே, யாரிடம் ஒப்படைத்தார்கள்?

எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவ அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்பியலின் தந்தை என்று இன்று உலகம் போற்றும் இவருக்கு, மூளையின் கதவைத் திறந்துவிட்ட இடங்களில் மூக்கும் ஒன்று. தேர்வில் நரம்புச் செல்லின் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். அந்தப் படத்திற்குப் பின்னால் நிற்கும் மனிதரை நாம் அவ்வளவாக அறிந்ததில்லை. அவருடைய கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

முதலில் அவர் பெயர். சாந்தியாகோ என்பது வேறொன்றுமில்லை, நம் புனித சந்தியாகப்பரின் பெயர்தான். ரமோன் தந்தையின் குடும்பப் பெயர். கஹால் தாயின் குடும்பப் பெயர். ஸ்பானிய மொழியில் 'இ' என்றால் 'உம்' என்று பொருள். பிள்ளையின் பெயரில் தந்தை வழியோடு தாய் வழியும் சேர்ந்து வருவது அந்நாட்டு வழக்கம். அது மட்டுமன்று, தாயின் பெயரான கஹால் என்பதாலேயே உலகம் அவரை அழைக்கிறது. மாணவிகளாகிய உங்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும் என்று நம்புகிறோம்.

1852-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், வட ஸ்பெயினில் பெத்தில்யா தெ அரகோன் என்ற மலைக் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ரமோன் ஏழ்மையிலிருந்து முன்னேறி, கிராமத்து அறுவை வைத்தியராகி, பிறகும் விடாமல் படித்து முழு மருத்துவப் பட்டம் பெற்றவர். உழைப்பு ஒன்றே அவருக்குத் தெரியும். கதைப் புத்தகமும் ஓவியமும் அவர் கண்ணில் வீண் வேலைகள். தாய் அந்தோனியாவோ கணவருக்குத் தெரியாமல் நாவல்களைப் பெட்டியின் அடியில் மறைத்து வைத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் சாந்தியாகோவுக்குப் பிடித்ததோ படம் வரைவது! சுவர், கதவு, பழைய தாள் என்று எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. காகிதமும் வண்ணமும் கிடைக்காதபோது எதையெதையோ கொண்டு வண்ணம் செய்துகொள்வான். ஐயெர்பே என்ற ஊருக்குக் குடும்பம் குடிபெயர்ந்த பின் ஒரு நாள், அவன் வரைந்திருந்த சந்தியாகப்பர் படம் தந்தையின் கையில் சிக்கியது. பையனுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று யாரையாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தார் தந்தை. ஊரில் ஓவியர் என்று எவரும் இல்லை. கோவில் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்ய வந்திருந்த ஒரு தொழிலாளியிடம் படத்தைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது வெறும் கிறுக்கல், இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றோடு தீர்ப்பாயிற்று. பையன் மருத்துவம்தான் படிக்க வேண்டும், தூரிகையைத் தொடக்கூடாது என்றார் தந்தை. பெரியவர் சந்தியாகப்பர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, நமக்குத் தெரியாது!

பள்ளிக் காலம் அவனுக்கு இனிமையாக அமையவில்லை. ஹாக்கா நகரில் அருட்தந்தையர் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எல்லாப் பாடத்தையும் இலத்தீன் உட்பட மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். தவறினால் பிரம்படி, பட்டினியாக அறையில் பூட்டி வைப்பதும் உண்டு. கத்தோலிக்கப் பள்ளியின் மலரில் இதை எழுத நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நடந்ததை மறைப்பது நன்றன்று. அந்தக் காலத்துப் பள்ளிகள் பலவும் அப்படித்தான் இருந்தன.

தண்டனையிலும் ஒரு பாடம் அவனுக்குக் கிடைத்தது. ஐயெர்பே பள்ளியில் ஒரு முறை இருட்டறையில் அடைத்துவிட்டார்கள். சன்னலில் சிறு துளை. அதன் வழியே வந்த வெளிச்சத்தில், வெளியே தெருவில் போகிற மனிதர்களும் கழுதைகளும் அறையின் கூரையில் தலைகீழாக நடமாடுவதைக் கண்டான். ஊசித்துளைக் காமிராவைப் பற்றி எவரும் சொல்லாமலே தானாகக் கண்டுகொண்ட பையன், அதன் பின் இருட்டறைக்குப் பயப்படவில்லை. பிற்காலத்தில் புகைப்படக் கலையிலும் அவர் வல்லவரானதற்கு வித்து இதுதான்.

குறும்பும் குறைவில்லை. மரத்துண்டைத் துளைத்துப் பீரங்கி செய்து, பக்கத்து வீட்டாரின் புதுத் தோட்டக் கதவைச் சுட்டுத் தகர்த்தான். ஊர்ச் சிறையில் சில நாள் அடைத்தார்கள். அப்படியாவது திருந்தட்டும் என்று தந்தையும் அதற்கு உடன்பட்டார்! படிப்பில் மனம் செல்லாத மகனை முடிதிருத்துபவரிடமும், பிறகு காலணி தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார். காலணி தைப்பதில் பையன் கெட்டிக்காரன் என்று பெயரும் எடுத்தான்.

திருப்பம் 1868-ஆம் ஆண்டுக் கோடையில் வந்தது. எலும்பியல் கற்பிக்க முடிவு செய்த தந்தை, நிலா வெளிச்சத்தில் மகனைப் பழைய கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். கைவிடப்பட்டுக் கிடந்த எலும்புகளைச் சேகரித்து வந்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து விளக்கினார். எலும்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதை வரைய வேண்டும். ஆம், வரையத்தான் வேண்டும்! தந்தை தடுத்த கலையும் தந்தை விரும்பிய கல்வியும் அங்கே ஒன்று சேர்ந்தன. பின்னர் சரகோசா மருத்துவக் கல்லூரியில் மகன் வரைந்த உடற்கூற்றுப் படங்களைக் கண்டு தந்தையே பெருமை கொண்டு, அவற்றை நூலாக அச்சிட விரும்பினார்.

1873-இல் மருத்துவரான கஹால், இராணுவ மருத்துவராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பிடித்து, எலும்பும் தோலுமாக 1875-இல் நாடு திரும்பினார். அங்கே சேர்ந்த சம்பளப் பணத்தைக் கொண்டு அவர் வாங்கிய பொருள் ஒரு நுண்ணோக்கி. 1878-இல் இரத்தம் கக்கினார். காசநோய்! அந்நாளில் அதற்கு மருந்து இல்லை. மலைக்காற்றும் ஓய்வும் தங்கை ஒருத்தியின் பணிவிடையும் அவரைப் பிழைக்க வைத்தன. மறு ஆண்டு சில்வேரியா ஃபான்யானாஸ் என்ற பெண்ணை மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள்.

இனி நம் மூக்குக்கு வருவோம்.

கஹால் டாக்டர் பட்டத்தேர்வுக்காக 1877-இல் மாட்ரிட் சென்றபோது, நுண்ணோக்கியின் அதிசயங்களை அவருக்குக் காட்டியவர் மாஸ்த்ரே தெ சான் ஹுவான் என்ற பேராசிரியர். வாழ்நாளில் மணமே அறியாத ஒருவரின் உடலைப் பரிசோதித்து, அவருடைய மூளையில் நுகர்ச்சிக்குரிய பகுதி இல்லாதிருந்ததை 1856-இல் எழுதி வெளியிட்டவர் இவரே. மூக்கு நன்றாக இருந்தும், மூளையின் முன்புறம் அடியில் இருக்கும் நுகர்ச்சிக் குமிழ் இல்லாவிட்டால் மணம் இல்லை என்பது தெளிவாயிற்று. மூக்கின் உட்கூரையில் நுகர்ச்சிச் செல்கள் இருப்பதை ஜெர்மானியரான மாக்ஸ் ஷுல்ட்சே அக்காலத்திலேயே விவரித்திருந்தார். தொடக்கமும் முடிவும் தெரியும்; நடுவில் நடப்பது மட்டும் இருளாக இருந்தது.

காரணம் இதுதான். மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், சிக்குப்பிடித்த நூல்கண்டு போலத் தெரியும். எந்த நூல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எவராலும் சொல்ல இயலவில்லை. ஆகவே மூளை முழுவதும் முடிவில்லாத ஒரே வலை, நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள்.

1873-இல் இத்தாலியரான காமில்லோ கொல்ஜி ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலில் இடுவார். நூற்றில் ஓரிரு செல் மட்டும், ஏன் என்று தெரியாமலே, கருமையாகிவிடும். மற்றவை நிறமற்றுப் போகும். மஞ்சள் பின்னணியில் மையால் வரைந்ததுபோல ஒரு செல் கிளை, நுனி உட்பட முழுமையாகத் தெரியும். 1875-இல் கொல்ஜி இம்முறையால் முதன்முதலாக வரைந்து வெளியிட்ட படம் எதன் படம் தெரியுமா? நாயின் நுகர்ச்சிக் குமிழ்! ஆனால் தாம் கண்டது ஒரு வலைதான் என்றே கொல்ஜி நம்பினார். செல்லின் உடலிலிருந்து மரக்கிளைகள் போல் விரியும் டெண்டிரைட்டுகள் செல்லுக்கு உணவு உறிஞ்சித் தரும் வேர்கள் மட்டுமே, செய்திக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை என்றும் கருதினார்.

பதினான்கு ஆண்டுகள் அந்தச் சாயமுறை பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1887-இல் மாட்ரிடில் லூயிஸ் சிமார்ரோ என்ற மருத்துவர் தம் வீட்டில் அந்தச் சீவல்களைக் கஹாலுக்குக் காட்டினார். கஹாலின் வாழ்வு அந்த நொடியில் மாறியது எனலாம். அதே ஆண்டில் பார்சிலோனாவுக்குப் பேராசிரியராகச் சென்றவர், வீட்டிலேயே ஒரு சிறு ஆய்வறை அமைத்துக்கொண்டு இரவு பகல் உழைக்கத் தொடங்கினார். மிகவும் பிடித்த சதுரங்க ஆட்டத்தைக்கூட விட்டுவிட்டார்.

கொல்ஜியின் முறையில் அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. சாயத்தை ஒரு தடவைக்கு இரு தடவை ஏற்றினார். அடுத்தது சமயோசிதமான மாற்றம். வளர்ந்த விலங்கின் மூளையை விட்டுவிட்டு, கருவிலுள்ள குஞ்சுகளையும் பிறந்த சில நாளே ஆன குட்டிகளையும் ஆராய்ந்தார். அடர்ந்த காட்டில் மரங்களைப் பிரித்தறிய முடியாமல் தவிப்பானேன், நாற்றங்காலில் இளங்கன்றாகவே பார்த்துவிடலாமே என்பது அவர் எண்ணம். இளம் மூளையில் நரம்புகளுக்கு இன்னும் கொழுப்புறை ஏறாததால் சாயமும் நன்றாகப் பிடித்தது. கிளைகளும் குட்டையாக இருந்தன.

1888-ஆம் ஆண்டு மே மாதம் முதல் முடிவுகளை வெளியிட்டார். எந்தப் பத்திரிகையும் விரைவில் அச்சிடாது என்பதால் தம் சொந்தச் செலவில் தாமே ஒரு பத்திரிகை தொடங்கினார். அச்சிட்டது 60 பிரதிகள்! ஏழைப் பேராசிரியரின் வீட்டில் இந்தச் செலவை யார் தாங்கினார்கள்? சில்வேரியா அம்மையார்தான். வீட்டுச் செலவைச் சுருக்கி, பிள்ளைகளின் தேவைகளையும் கணவரின் கண்ணாடிச் சில்லுகளையும் ஒரே வருமானத்தில் சமாளித்தவர் அவர். பார்சிலோனாவில் இருந்த ஆண்டுகளில்தான் அவர்களின் சிறு மகள் என்ரிக்கேத்தா மூளைக்காய்ச்சலால் இறந்தாள். துயரத்தை மறக்க நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த இரவு ஒன்றில், தமக்குப் புதிய உண்மை ஒன்று புலப்பட்டதைக் கஹால் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த இரவில் தாய் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை வாசிக்கிறவர்கள்தாம் நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கஹால் கண்டது என்ன? ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி. கிளைகள் மற்றொரு செல்லை நெருங்கித் தொடும், ஆனால் ஒட்டிக்கொள்ளாது. மூளை ஒரே வலையன்று. கோடானுகோடி தனிச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி கொடுத்து வாங்கும் ஒரு பெரிய குடும்பம்.

சொன்னால் நம்ப வேண்டுமே! ஸ்பானிய மொழியில் 60 பிரதி வந்த பத்திரிகையை ஐரோப்பாவில் யார் படிப்பார்கள்? 1889 அக்டோபரில் கஹால் தம் நுண்ணோக்கியையும் சீவல்களையும் பெட்டியில் கட்டிக்கொண்டு, சொந்தச் செலவில் பெர்லின் மாநாட்டிற்குப் போனார். அங்கே அவரை எவருக்கும் தெரியாது. தட்டுத் தடுமாறிய பிரெஞ்சு மொழியில், வருவோர் போவோரையெல்லாம் அழைத்துக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார். சிலர் ஐயத்தோடு குனிந்தார்கள்; பார்த்தபின் நிமிர்ந்த முகங்களில் ஐயம் இல்லை. அவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஃபோன் கொல்லிக்கர். 72 வயது, அத்துறையில் ஜெர்மானிய உலகமே மதித்த முதியவர், அதுவரை வலைக் கொள்கையை நம்பியவர். பார்த்த மாத்திரத்தில் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிய மொழியும் கற்றுக்கொண்டாராம்! வயது ஏறஏறக் கருத்தும் இறுகிப் போவதைத்தானே நாம் அதிகம் பார்க்கிறோம்? அந்தப் பெரியவருக்கு நம் தனி வணக்கம்.

இனி வருவதுதான் நம் கதையின் நடுப்பகுதி. சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

1890-இல் கஹால் மூக்கிற்கு வந்தார். மூக்கின் உட்கூரையிலுள்ள நுகர்ச்சிச் செல் விசித்திரமானது. அது ஒரு நரம்புச் செல். ஆனால் மற்ற நரம்புச் செல்கள் போல் உள்ளே பத்திரமாக ஒளிந்திருப்பதில்லை. அதன் ஒரு முனை, நுண்ணிய மயிர்களோடு, மூக்கின் ஈரத்தில் நீட்டிக்கொண்டு, நாம் மூச்சிழுக்கும் காற்றையே தொட்டுக்கொண்டிருக்கிறது. மறுமுனை மெல்லிய இழையாக நீண்டு, சல்லடைபோல் துளைகளுள்ள ஓர் எலும்பின் வழியே மண்டையோட்டிற்குள் நுழைந்து, நுகர்ச்சிக் குமிழை அடைகிறது. ஒரே செல்லின் ஒரு முனை வெளியுலகில், மறுமுனை மூளையில்!

குமிழுக்குள் சென்ற இழை என்ன ஆகிறது? அங்கே குளோமெருலஸ் எனப்படும் சிறுசிறு உருண்டைகள் உள்ளன. நூற்பந்துகள் என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து வந்த இழைகள் அந்தப் பந்துக்குள் புகுந்து, கிளைத்து, அங்கேயே முடிந்துவிடுகின்றன. மேலே போவதில்லை. பந்தின் மறுபுறத்தில் பெரிய செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றிற்கு மைட்ரல் செல்கள் என்று பெயர். உறுதிபூசுதலுக்கு வரும் ஆயர் தலையில் உயரமாக ஒரு தொப்பி அணிந்திருப்பாரே, அந்த மைட்டர் தொப்பியின் வடிவம் அவற்றிற்கு இருப்பதால் வந்த பெயர் அது. ஒவ்வொரு மைட்ரல் செல்லும் ஒரு தடித்த டெண்டிரைட்டை இறக்கி, அந்த நூற்பந்துக்குள் நுழைத்து, குஞ்சம்போல் விரித்து வைக்கிறது. அதன் நீண்ட வாலாகிய ஆக்சானோ எதிர்ப்பக்கமாக மூளையின் உட்பகுதியை நோக்கிச் செல்கிறது.

இப்போது நாம் கொல்ஜியின் கருத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். டெண்டிரைட் உணவு உறிஞ்சும் வேர். செய்தி வாங்காது என்றாரல்லவா? அப்படியானால் நூற்பந்துக்குள் மூக்கின் இழை கொண்டுவந்த செய்தியை யார் வாங்கியது? மைட்ரல் செல்லின் ஆக்சான் அங்கே வருவதே இல்லை. அங்கே கைநீட்டிக் காத்திருப்பது டெண்டிரைட்டின் குஞ்சம். அது செய்தியை வாங்காது என்றால் உலகில் எவரும் எந்த மணத்தையும் அறிந்திருக்க முடியாது. நாமோ மணத்தை அறிகிறோம். ஆகவே டெண்டிரைட் செய்தி வாங்கத்தான் செய்கிறது!

ஒரு சிறு உருண்டையைப் பார்த்து எவ்வளவு பெரிய முடிவு! மற்ற இடங்களில், எடுத்துக்காட்டாகப் பெருமூளையில், ஆயிரம் இழைகள் பின்னிக் கிடப்பதால் யார் யாருக்குச் செய்தி தருகிறார்கள் என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். மூக்கில் வாதத்திற்கு இடமில்லை. அங்கே சந்திக்கும் இரு தரப்பும் தெளிவாகத் தெரிகின்றன. மேலும், செய்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் ஐயமின்றித் தெரியும். மணம் வெளியிலிருந்து உள்ளே போகிறதே தவிர உள்ளிருந்து வெளியே வருவதில்லை அன்றோ!

இதிலிருந்துதான் கஹால் அடுத்த அடியை எடுத்து வைத்தார். மூக்கையும் கண்ணின் விழித்திரையையும் சான்றாகக் கொண்டு, நரம்புச் செல்லில் செய்தி செல்லும் திசை ஒன்றே என்று 1891-இல் வலென்சியா மருத்துவ மாநாட்டில் கூறினார். டெண்டிரைட் வாங்கும், ஆக்சான் வழியாக அடுத்த செல்லுக்குப் போகும். அதுமுதல் தம் படங்களில் சிறுசிறு அம்புக்குறிகளை இட ஆரம்பித்தார். நம் பாடநூலில் இன்றும் இருக்கும் அம்புக்குறிகள் அவைதாம். அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபன் கெகுக்தென் நுகர்ச்சிக் குமிழைத் தாமும் ஆராய்ந்து கஹாலின் பக்கம் நின்றார். ஜெர்மனியில் வால்டையர் என்பவர் நரம்புச் செல்லுக்கு நியூரான் என்று பெயர் சூட்டியதும் அந்த 1891-இல்தான்.

1892-இல் மாட்ரிட் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. முன்பு நுண்ணோக்கியைக் காட்டிய ஆசிரியர் மாஸ்த்ரே தெ சான் ஹுவான் வகித்த அதே நாற்காலி! 1901-இல் மனித மூளையில் நுகர்ச்சிக்குரிய பகுதிகளை ஆராய்ந்து மீண்டும் எழுதினார். பட்டங்களும் பதக்கங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் இங்கே அடுக்கப் போவதில்லை.

ஆனால் 1906-ஐச் சொல்லாமல் விட முடியாது. அவ்வாண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு முதன்முறையாக இருவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒருவர் கஹால், வயது 54. மற்றவர் கொல்ஜி, வயது 63. ஒரே சாயமுறை, ஒரே உறுப்பு. இருவரும் கண்ட காட்சியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கண்டதற்குச் சொன்ன பொருள் நேர் எதிர். இருவரும் அதுவரை நேரில் சந்தித்ததே இல்லை. ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் 11-ஆம் நாள் கொல்ஜி தம் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தினார். எதைப் பற்றி? நியூரான் கொள்கை தவறு என்பதைப் பற்றி! பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர் எதிரே அமர்ந்திருக்க, அவருடைய வாழ்நாள் உழைப்பை மறுத்தே பேசினார். மறுநாள் கஹால் பேசினார். கொல்ஜிக்குரிய மரியாதையைக் குறைக்காமல், தாம் கண்டவற்றை மட்டும் வரிசையாக எடுத்துரைத்தார். முதல் நாள் கேட்ட பேச்சு எவ்வளவு வருத்தியது என்பதைப் பிறகு தம் வாழ்க்கை வரலாற்றில்தான் கொட்டித் தீர்த்தார்.

கொல்ஜியை நாம் எளிதாகக் குறை கூறிவிடலாகாது. அவர் கண்டுபிடித்த சாயம் இல்லையென்றால் கஹால் பார்த்திருக்கவே முடியாது. இதையும் கஹால் மறுத்ததில்லை.

கஹாலின் மாட்ரிட் ஆய்வகத்தில் பெண்களும் பணி செய்தார்கள் என்பதை இம்மலரைப் படிப்போர் அறிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்த லாரா ஃபார்ஸ்டர் என்ற மருத்துவர், 50 வயதைக் கடந்த பின் அங்கு வந்து பறவைகளின் நரம்புச் சிதைவை ஆராய்ந்து 1911-இல் கட்டுரை வெளியிட்டார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்று, 1917-இல் போர்முனைப் பகுதியிலேயே உயிர் நீத்தார்.

1930-இல் சில்வேரியா அம்மையார் இறந்தார். அதன் பின் நான்கு ஆண்டுகளே கஹால் வாழ்ந்தார். 1934 அக்டோபர் 17-ஆம் நாள், 82-ஆம் வயதில், மாட்ரிடில் காலமானார்.

செல்களுக்கு இடையே உண்மையில் இடைவெளி இருக்கிறதா என்பதை அவர் காலத்து நுண்ணோக்கியால் பார்க்க இயலாது. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் காட்டியது. கஹால் சொன்னதே சரியாயிற்று.

மூக்கின் கதையோ மேலும் வளர்ந்தது. மல்லிகையையும் மண்ணெண்ணெயையும் மூக்கு எப்படி வேறுபடுத்துகிறது என்பது கஹாலுக்கும் தெரியாத ஒன்று. 1991-இல் அமெரிக்காவில் லிண்டா பக் என்ற பெண் விஞ்ஞானியும் ரிச்சர்டு ஆக்செல் என்பவரும், மணத்தைப் பிடிக்கும் ஏற்பிகளை உண்டாக்கும் பெரிய மரபணுக் குடும்பம் ஒன்றை எலிகளில் கண்டுபிடித்தார்கள். மனிதரிடம் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் உள்ளன. ஒவ்வொரு நுகர்ச்சிச் செல்லும் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கியிருக்கிறது. இனி வருவதுதான் வியப்பு. மூக்கில் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் ஒரே வகைச் செல்கள் எல்லாம் தம் இழைகளைக் குமிழிலுள்ள குறிப்பிட்ட ஓரிரு நூற்பந்துகளுக்கே அனுப்புகின்றன. கஹால் உற்றுப் பார்த்த அதே உருண்டைகள்! ஒரு மணம் வந்தால் எந்தெந்த உருண்டைகள் விழித்துக்கொள்கின்றன என்பதிலிருந்தே மூளை மல்லிகையா, மண்ணெண்ணெயா என்று அறிகிறது. பக், ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது பலர் திடீரென மணமறியாமல் தவித்ததை நம் வீடுகளிலேயே கண்டோம். அந்தக் கிருமி பெரும்பாலும் தாக்கியது நுகர்ச்சி நரம்புச் செல்லை அன்று. அதைச் சுற்றி நின்று தாங்கும் துணைச்செல்களைத்தான் என்று ஆய்வுகள் காட்டின. பெரும்பாலோருக்கு மணம் திரும்பி வந்ததற்கு அது ஒரு காரணம். மற்றொரு காரணம், மூக்கின் நுகர்ச்சிச் செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பது. வளர்ந்தோரின் மூளை, தண்டுவடத்து நரம்புகள் மடிந்தால் மடிந்தவைதாம், மீண்டும் பிறப்பதில்லை என்று கஹால் வருத்தத்தோடு எழுதியிருந்தார். மூக்கில் உள்ள நரம்புச் செல்கள் அந்தச் சோகத்திற்குக் கட்டுப்படவில்லை.

கஹாலின் அம்புக்குறிக்கும் விலக்கு ஒன்று உண்டு. அதுவும் நுகர்ச்சிக் குமிழிலேயே கிடைத்தது. மைட்ரல் செல்களுக்கு உட்புறமாகச் சிறுமணிகள் போன்ற செல்கள் ஏராளமாக உள்ளன. அவற்றிற்கு ஆக்சானே கிடையாது. வால் இல்லாத செல் செய்தியை எப்படி வெளியே அனுப்பும்? அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது? 1966-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். அந்தச் செல்கள் தம் டெண்டிரைட் வழியாகவே மைட்ரல் செல்லிடமிருந்து செய்தி வாங்குகின்றன. அதே டெண்டிரைட் வழியாகவே திருப்பியும் கொடுக்கின்றன. ஒரே தெருவில் இருபுறமும் போக்குவரத்து!

கஹால் தம் கையால் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் மாட்ரிடில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. உலக நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோ 2017-இல் அவற்றைச் சேர்த்தது. நுகர்ச்சிக் குமிழின் படமும் அவற்றில் உண்டு. மூக்கின் இழைகள், நூற்பந்துகள், ஆயர் தொப்பி அணிந்த செல்கள், அவற்றின் உட்புறத்தில் வாலில்லாத அந்தச் சிறு செல்கள். அவற்றிற்கு ஆக்சான் தெரியவில்லை என்பதால் அவர் ஆக்சான் வரையவில்லை.